ஒரே பாதைக்கு இரண்டு பட்டா

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில், பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போல கரும்புக் காடும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையுமாக இருக்கும் ஊர்களிலும் வீட்டுக்குள் கணினி நுழைந்தது. பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட இயங்குதளம். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. அந்த இரண்டாவது வரியை எட்டிக்கூடப் பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஏராளம். பார்த்தவர்களில் துணிச்சல்காரர்கள் சிலர், பாஸின் களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளை வேறெங்கிருந்தோ இறக்கி நிறுவிப் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒருசிலருக்காவது இந்த அறிவிப்பு வந்திருக்கும்: 'இந்தக் கோப்பின் மேல் எழுத முயற்சி நடக்கிறது, இது ஏற்கெனவே இன்னொரு பேக்கேஜிலும் உள்ளது.' அதோடு வேலை நின்றுவிடும்.

முதல்முறை பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஒரு கோப்பு அங்கே இருந்தால் என்ன, அதன்மேல் புதியதைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே?

அப்படிப் போட்டுவிட்டுப் போன காலமும் இருந்தது. லினக்ஸின் தொடக்க நாட்களில் மென்பொருள் என்பது ஒரு டார் மூட்டை. அவிழ்த்தால் கோப்புகள் அதனதன் இடத்தில் போய் உட்காரும். அங்கே வேறொன்று இருந்தால் அது சத்தமில்லாமல் காணாமல்போகும். கடைசியாக வந்தவர் வைத்ததே சட்டம். விண்டோஸ் 95, 98 காலத்திலும் இதே கூத்து. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்பைப் பொது அடைவுக்குள் கொட்டும். புதிய பதிப்பின்மேல் பழைய பதிப்பு ஏறிக்கொள்ளும். நேற்றுவரை ஓடிய வேறொரு மென்பொருள் இன்று படுத்துவிடும். இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் விழுந்தது. விண்டோஸ் 2000இல் மைக்ரோசாஃப்ட் ஒரு காவல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: முக்கியமான கணினிக் கோப்புகளை யாராவது மாற்றினால், ஒளித்து வைத்திருக்கும் பிரதியிலிருந்து பழையதை எடுத்துத் திரும்ப வைத்துவிடும். நோய் அப்படியே இருக்க, காய்ச்சலை மட்டும் இறக்கிய வைத்தியம்.

டெபியன் வேறு வழியில் போனது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அந்தத் திட்டத்துக்காக அடுத்த ஆண்டே டிபிகேஜி என்ற கருவி பிறந்தது. இயன் ஜாக்சன் அதை சி மொழியில் மறுபடி எழுதினார். இன்று நாம் தட்டும் ஆப்ட் கட்டளைகள் எல்லாம் இதன் மேல்மாடிதான். எதை இறக்குவது, எங்கிருந்து இறக்குவது என்பதை ஆப்ட் பார்த்துக்கொள்ளும். வட்டில் கைவைப்பது டிபிகேஜி.

டிபிகேஜியின் உயிர் அதன் பதிவேட்டில் இருக்கிறது. எந்த பேக்கேஜை, அதாவது மென்பொருள் மூட்டையை, நிறுவினாலும் 'தரவுத்தளம் படிக்கப்படுகிறது' என்று திரையில் ஒரு வரி ஓடி, எத்தனை கோப்புகளும் அடைவுகளும் நிறுவப்பட்டுள்ளன என்ற எண் கூடவே வரும். சாதாரண மேசைக் கணினியில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டுவது சகஜம். அத்தனை பாதைகளையும் அவற்றின் உரிமையாளரையும் நினைவில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் டிபிகேஜி முதல் கோப்பைத் தொடும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பட்டியல் கோப்பு உண்டு. '/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ' அடைவைத் திறந்தால் அவை வரிசையாக நிற்கும், எந்த எடிட்டரிலும் படித்துப் பார்க்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகளாக.

கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு பட்டா; அதில் இன்னொருவர் வேலி போட வந்தால் பட்டா யார் பேரில் என்ற கேள்வி முதலில் எழும். அடைவுகளுக்கு மட்டும் டிபிகேஜி கூட்டுப் பட்டா தருகிறது. '/யூஎஸ்ஆர்/பின்' அடைவில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் பங்காளிகள். கடைசிப் பங்காளி வெளியேறி உள்ளே ஒன்றுமே மிஞ்சாவிட்டால்தான் அடைவு அழியும். கோப்புக்குத் தனிப் பட்டாதான். ஒரே நூலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்கள் ஒரு கணினியில் சேர்ந்து குடியிருக்கும்போது, இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ள கோப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சண்டை இல்லாத இடத்தில், பழைய பதிப்பின் மேல் புதியது ஏறும் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டிபிகேஜி பழைய கோப்பை உடனே அழிப்பதில்லை. புதியதைப் பக்கத்திலேயே '.டிபிகேஜி-நியூ' என்ற பின்னொட்டோடு எழுதுகிறது. பழையதற்கு '.டிபிகேஜி-டெம்ப்' என்று ஒரு காப்புப் பெயர் கொடுத்துவிட்டு, புதியதை ஒரே அசைவில் உண்மையான பெயருக்கு மாற்றுகிறது. யூனிக்ஸில் பெயர் மாற்றம் நடுவில் நிற்காத செயல். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று பழையது தெரியும், இல்லை புதியது தெரியும், பாதிக் கோப்பு தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தான் ஏற்கெனவே திறந்து வைத்த பழைய கோப்பையே தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டாலும் அதைப் பிடித்திருப்பவர் இருக்கும்வரை அந்தக் கோப்பின் உடல் வட்டில் இருக்கும். லினக்ஸ் பயனர் உலாவியை மூடாமலே அதைப் புதுப்பிக்க முடிவது இதனால்தான். மூடித் திறந்தால்தான் புதியது வரும் என்பதும் இதனால்தான்.

இந்த நுணுக்கத்திலும் ஓட்டை இருந்தது. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை புழக்கத்துக்கு வந்தபோது, வேகத்துக்காகக் கோப்பின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டது. பெயர் மாறிவிட்டது, உள்ளடக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை, அந்த இடைவெளியில் கரண்ட் போனால்? திரும்பி வரும்போது கோப்பு இருக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது. அதனால் 2010 வாக்கில் டிபிகேஜி, பெயரை மாற்றும் முன்பே உள்ளடக்கத்தை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தொடங்கியது. நிறுவும் வேகம் குறைந்ததாகப் பலர் முணுமுணுத்தார்கள். 2012இன் மின்வெட்டில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் பார்க்காத தமிழகச் சிற்றூர்களைக் கேட்டிருந்தால் அந்த முணுமுணுப்பு எழுந்திருக்காது. மடிக்கணினிக்காவது பேட்டரி உண்டு. பள்ளி ஆய்வகத்து மேசைக் கணினிக்கு யூபிஎஸ்ஸை நம்பித்தான் பிழைப்பு.

இனி சண்டைக்கு வருவோம். இரண்டு பேக்கேஜ்கள் ஒரே பாதையைக் கேட்டால் டிபிகேஜி நியாயம் பேசுவதில்லை. எது புதியது, எது பெரியது, எதை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதும் இல்லை. மறுத்துவிட்டு நிற்கும். பேக்கேஜைத் தயாரித்தவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உடன்படிக்கை இருந்தால்தான் அசையும். அந்த உடன்படிக்கைகளுக்கு மூன்று முக்கியமான சொற்கள்: ரீப்ளேசஸ், பிரேக்ஸ், கான்ஃபிளிக்ட்ஸ். 'அந்த பேக்கேஜின் கோப்பை நான் எடுத்துக்கொள்ளலாம்' என்பது ரீப்ளேசஸ். பட்டா மாறுதல் மனு மாதிரி. 'நான் வந்தபின் அந்தப் பழைய பதிப்பு வேலை செய்யாது' என்பது பிரேக்ஸ். 'அவரும் நானும் ஒரே நேரத்தில் இங்கே இருக்கவே முடியாது' என்பது கான்ஃபிளிக்ட்ஸ். ஒரு கணினியில் எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இரண்டு அஞ்சல் வழங்கிகளும் ஒன்றாக இருக்க முடியாமல்போவது இந்தக் கடைசி ரகம்.

தமிழ் எழுத்துருக்களே இந்த வழியாக ஒருமுறை நடந்து வந்தவைதான். டெபியனில் அவை 'டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்ற பெயரில் இருந்தன. டெபியன் எழுத்துருக் குழு எல்லா எழுத்துருப் பேக்கேஜ்களுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வேண்டும் என்று முடிவெடுத்தபோது, 'ஃபான்ட்ஸ்' என்று தொடங்கும் புதிய பெயர்கள் வந்தன. 'டிஎஸ்சியூ பரணர்' போன்ற எழுத்துருக்கள் புதிய வீட்டுக்குக் குடிபோயின. பழைய பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜ் மட்டும் நின்றது. அதன் ஒரே வேலை, பழைய பெயரை வைத்திருப்பவர்களைப் புதிய பெயரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக உடையாமல் இந்த மாற்றம் முடிந்தது என்றால், யாரோ ஒருவர் ரீப்ளேசஸ் வரியில் பழைய பெயரைச் சரியாக எழுதி வைத்ததுதான் காரணம். ஒரு பேக்கேஜின் கோப்புகள் அனைத்தையும் இன்னொன்று இப்படி எடுத்துக்கொண்டுவிட்டால், பழைய பேக்கேஜ் 'மறைந்துவிட்டது' என்று டிபிகேஜியே அறிவித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடும்.

உடன்படிக்கைக்கு வர ஆட்கள் மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'நோட்' கதையை மிஞ்ச எதுவும் இல்லை.

ரயன் டால் 2009இல் வெளியிட்ட நோட்.ஜேஎஸ் உலகெங்கும் வலை நிரலாளர்களிடம் பரவியது. அதை ஓட்டும் கட்டளையின் பெயர் 'நோட்'. டெபியனிலோ அந்தப் பெயரில் வெகுகாலமாக ஒருவர் குடியிருந்தார்: ஹாம் ரேடியோக்காரர்கள் பாக்கெட் ரேடியோ இணைப்புக்குப் பயன்படுத்தும் சிறு நிரல். அது '/யூஎஸ்ஆர்/எஸ்பின்' அடைவில், இது '/யூஎஸ்ஆர்/பின்' அடைவில். பாதை வேறு என்பதால் டிபிகேஜி தடுத்திருக்காது. ஆனால் டெபியனின் கொள்கை ஏடு டிபிகேஜியைவிடக் கண்டிப்பானது. வேறு வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்களுக்கு ஒரே பெயர் கூடாது. கான்ஃபிளிக்ட்ஸ் என்று எழுதித் தப்பிக்கவும் கூடாது. யாராவது ஒருவர் பெயரை மாற்ற வேண்டும். உடன்பாடு வராவிட்டால் இருவருமே மாற்ற வேண்டும்.

உடன்பாடு வரவில்லை. ஒரு பக்கம், மலையுச்சியிலும் தொலைவிடங்களிலும் ஆளில்லாமல் ஓடும் ரேடியோ நிலையங்களில் கட்டளைப் பெயர் மாறினால் யார் போய்ச் சரிசெய்வது என்ற நியாயமான கவலை. மறுபக்கம், இணையத்தில் உள்ள ஒவ்வொரு பாடமும் 'நோட் என்று தட்டுங்கள்' என்றுதான் தொடங்குகிறது என்ற, அதே அளவு நியாயமான வாதம். பஞ்சாயத்து டெபியனின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போய், 2012இல் தீர்ப்பு வந்தது. நோட்.ஜேஎஸ்ஸின் கட்டளை 'நோட்ஜேஎஸ்' ஆனது. பழைய பெயரும் வேண்டும் என்பவர்களுக்கு 'நோட்ஜேஎஸ்-லெகசி' என்று தனியாக ஒரு குட்டிப் பேக்கேஜ். ரேடியோ நிரல் 'ஏஎக்ஸ்25-நோட்' ஆனது. அதாவது இருவருமே பெயரைப் பறிகொடுத்தார்கள். பிறகு சில ஆண்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் 'நோட்' என்று தட்டிய புதியவர்கள் கட்டளையே இல்லை என்ற பதிலைப் பார்த்து விழித்தார்கள். 2017இல் குழு தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. 2019இல் வந்த டெபியன் 10இல் 'நோட்' மறுபடி நோட்.ஜேஎஸ்ஸுக்கே கிடைத்தது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் வீணான நேரத்துக்குத்தான் கணக்கு இல்லை.

எல்லாப் பெயர்ச் சண்டையும் இவ்வளவு இழுக்கவில்லை. 'கிட்' என்ற பெயர் ஒருகாலத்தில் ஒரு க்னூ கருவிக்கு இருந்தது. 'குரோமியம்' என்பது விண்கலங்களைச் சுட்டு விளையாடும் விளையாட்டாக இருந்தது. அவை அதிகச் சத்தமில்லாமல் விலகிக்கொண்டன.

ஒரே வேலையைச் செய்யும் பல நிரல்கள் என்றால் இவ்வளவு பாடு இல்லை. 'எடிட்டர்' என்ற பொதுப் பெயர் ஒரு சுட்டியாக மட்டும் இருக்கும். அது நானோவைக் காட்டலாம், விம்மைக் காட்டலாம், நிர்வாகி விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு 'ஆல்டர்நேடிவ்ஸ்' என்று பெயர். இன்னொரு பேக்கேஜின் கோப்பை அழிக்காமல் பக்கத்துப் பெயருக்கு ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைக்கும் 'டைவர்ஷன்' முறையும் உண்டு. டாஷ் என்ற ஷெல், டெபியனின் '/பின்/எஸ்எச்' இடத்தை அப்படித்தான் பிடித்தது.

பேக்கேஜோடு பேக்கேஜ் மோதுவதைவிட, பேக்கேஜ் மனிதரோடு மோதுவதுதான் அன்றாடம் நடப்பது. வழங்கியின் அமைப்புக் கோப்பில் நிர்வாகி நான்கு வரிகளை மாற்றியிருக்கிறார். புதுப்பிப்பில் அதே கோப்பின் புதிய வடிவம் வருகிறது. யாருடையது நிற்க வேண்டும்? டிபிகேஜி மூன்று கைரேகைகளை ஒப்பிடுகிறது: முன்பு பேக்கேஜ் கொடுத்த கோப்பின் எம்டி5 எண், இப்போது வட்டில் இருப்பதன் எண், புதிதாக வந்ததன் எண். மனிதர் கைவைக்கவில்லை என்றால் புதியது பேசாமல் ஏறும். மனிதர் மாற்றியிருந்து பேக்கேஜ் மாறவில்லை என்றால் மனிதருடையது பேசாமல் நிற்கும். இரண்டும் மாறியிருந்தால்தான் கேள்வி: புதியதைப் போடவா, உங்களுடையதை வைக்கவா, வேறுபாட்டைக் காட்டவா? எதுவும் தேர்ந்தெடுக்காமல் என்டரைத் தட்டினால் உங்களுடையதுதான் நிற்கும். இதில் ஒரு மரியாதை கவனிக்கத்தக்கது. நிர்வாகி அந்தக் கோப்பையே அழித்திருந்தால், அழித்ததையும் ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு டிபிகேஜி அதைத் திரும்ப உருவாக்காது.

ரெட்ஹாட்டின் ஆர்பிஎம் கேள்வியே கேட்பதில்லை. இரவில் ஆளில்லாமல் ஆயிரம் வழங்கிகள் புதுப்பிக்கப்படும்போது யாரிடம் கேட்பது? பேக்கேஜைத் தயாரித்தவர் 'மாற்றாதே' என்று குறித்திருந்தால் உங்கள் கோப்பு நிற்கும், புதியது '.ஆர்பிஎம்நியூ' என்ற பின்னொட்டோடு பக்கத்தில் உட்காரும். குறிக்காவிட்டால் உங்களுடையது '.ஆர்பிஎம்சேவ்' ஆகும். ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் '.பேக்நியூ' என்று வைத்துவிட்டு நகரும். பல ஆண்டுகள் ஓடிய வழங்கிகளில் இந்தப் பின்னொட்டுக் கோப்புகள் யாரும் திறந்து பார்க்காமல் குவிந்து கிடக்கும். கேட்டுத் தொல்லை தருவதா, கேட்காமல் குப்பை சேர்ப்பதா என்பதில், மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கும் கணினிக்கு டெபியனின் வழியே மேல் என்று தோன்றுகிறது.

பதிவேட்டை மீறும் ஆசை எல்லாருக்கும் வரும். டிபிகேஜியில் அதற்கென்றே ஒரு கட்டாயச் சாவி உண்டு. பேக்மேனிலும் '--ஃபோர்ஸ்' இருந்தது. 2012 ஜூலையில் ஆர்ச் லினக்ஸ் '/லிப்' அடைவை வெறும் சுட்டியாக மாற்றியபோது, கட்டாயச் சாவியைத் தொடவேண்டாம் என்று செய்தி அறிக்கையிலேயே எச்சரித்தது. தொட்டவர்களின் கணினி எழுந்திருக்கவில்லை. 2018இல் பேக்மேன் அந்தச் சாவியை ஒதுக்கி, எந்தப் பாதையின்மேல் எழுதலாம் என்று பெயர் சொல்லிக் கேட்கும் '--ஓவர்ரைட்'டைக் கொண்டுவந்தது.

பைத்தான் கற்கும் மாணவர்கள் இன்று இதே சுவரில் வேறொரு பக்கத்திலிருந்து முட்டுகிறார்கள். பைத்தானுக்குச் சொந்தமாக 'பிப்' என்ற நிறுவி உண்டு. அதற்கு டிபிகேஜியின் பதிவேடு தெரியாது. இரண்டும் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே தடுமாறியதுண்டு. டெபியன் 12 முதல், கணினியின் பொதுப் பைத்தானுக்குள் நிறுவ வந்தால் பிப் மறுத்து, தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறது. அப்படியும் முரண்டு பிடிப்பவர்களுக்கு ஒரு விருப்பம் உண்டு. அதன் பெயரே 'கணினியின் பேக்கேஜ்களை உடை' என்ற பொருளில் அமைந்தது. பெயர் வைத்தவருக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது.

இந்தச் சண்டையே வேண்டாம் என்று புறப்பட்டவர் எல்கோ டோல்ஸ்ட்ரா. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் முடித்த முனைவர் ஆய்வில் அவர் விளக்கிய நிக்ஸ் முறையில், ஒவ்வொரு பேக்கேஜும் தனி அடைவில் வாழ்கிறது. அடைவின் பெயரிலேயே நீளமான ஓர் அடையாளக் குறி; எந்த மூலநிரலிலிருந்து, எந்தெந்த நூலகங்களோடு கட்டப்பட்டது என்பதைக் கணக்கிட்டு வருவது. ஒரே நூலகத்தின் பத்துப் பதிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கலாம். அதற்கு விலை வட்டு இடமும், பழகிய அடைவு அமைப்பை மறப்பதும்.

டெபியன் தன் பதிவேட்டோடே இருந்தது. பதிவேட்டுக்கு வந்த மிகப் பெரிய சோதனையும் டெபியன் தானே வரவழைத்துக்கொண்டதுதான். '/பின்', '/யூஎஸ்ஆர்/பின்' என்று இரண்டு இடங்களில் நிரல்களை வைப்பது யூனிக்ஸின் ஆதிகாலப் பழக்கம். ஃபெடோரா 2012இலேயே இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியனும் அதே வழியில் '/பின்' அடைவை '/யூஎஸ்ஆர்/பின்' நோக்கிய சுட்டியாக்கியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இது கட்டாயம். ஆனால் டிபிகேஜிக்குப் பாதை என்பது வெறும் எழுத்துச் சரம். '/பின்/அ' என்பதும் '/யூஎஸ்ஆர்/பின்/அ' என்பதும் வட்டில் ஒரே கோப்பு, பதிவேட்டில் இரண்டு.

விபத்து இப்படி நடக்கும். பழைய பேக்கேஜ் ஒன்று '/பின்'னில் வைத்திருந்த நிரலை, புதிய பேக்கேஜ் '/யூஎஸ்ஆர்/பின்'னில் வைக்க வருகிறது. டிபிகேஜி பதிவேட்டைப் பார்க்கிறது: அந்தப் பாதையில் யாரும் இல்லை. எழுதுகிறது. அடுத்து பழைய பேக்கேஜ் புதுப்பிக்கப்படுகிறது. அதன் பட்டியலில் '/பின்' நிரல் இப்போது இல்லை என்பதால் டிபிகேஜி அதை அழிக்கிறது. சுட்டி வழியாகப் போய் அழிவது, சற்று முன் வந்து உட்கார்ந்த புதிய கோப்பு. பிழைச் செய்தி இல்லை. பதிவேட்டில் கோப்பு இருக்கிறது, வட்டில் இல்லை.

இதனால் டெபியனின் தொழில்நுட்பக் குழு, இப்படிக் கோப்புகளை இடம் மாற்றுவதற்கே தடை போட்டு வைத்திருந்தது. டிபிகேஜியைப் பராமரிக்கும் கில்லெம் ஜோவர் அடைவைச் சுட்டியாக்கும் வழியையே ஏற்கவில்லை. சிக்கலை அவிழ்க்க உட்கார்ந்தவர் ஹெல்முட் க்ரோனே. 2023இல் அவர் முன்வைத்த திட்டம் டிபிகேஜியைத் தொடவில்லை. பேக்கேஜ்களின் உடன்படிக்கைகளைத் தற்காலிகமாக இறுக்கியது. பிரேக்ஸ் இருந்த சில இடங்களில் கான்ஃபிளிக்ட்ஸ் வந்தது. அப்படி எழுதினால் பழையவர் முழுதாக வெளியேறிய பிறகே புதியவர் கோப்பை வைப்பார். வேறு சில இடங்களில் காவலுக்கு டைவர்ஷன்கள்.

எங்கெங்கே ஆபத்து என்பதைக் கையால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக அவர் எழுதிய டுமாட் என்ற கருவி, டெபியன் களஞ்சியத்திலுள்ள பேக்கேஜ்களின் கோப்புப் பட்டியல்களைப் பழைய வெளியீடுகளோடு சேர்த்து அலசி, எது எதோடு மோதும் என்று கணித்து, பழுது அறிக்கையைத் தானே அனுப்பியது. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவரும் முன், கோப்புகள் பதிவேட்டிலும் '/யூஎஸ்ஆர்'க்குள் குடிபோயின. வழியில் டுமாட்டின் கையில் வேறு சிலதும் அகப்பட்டன: இந்த அடைவு இணைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல், ரீப்ளேசஸ் வரியை எழுத யாரோ மறந்துபோனதால் ஒரே பாதைக்கு இரண்டு பேக்கேஜ்கள் உரிமை கோரிக்கொண்டிருந்த மோதல்கள். அவற்றுக்கும் அது அறிக்கை அனுப்பியது.